ஆளில்லாத வீட்டில் ஓடிய கிரைண்டர்

பெங்களூரில் புயல் என்றால் ஸ்வெட்டர். வங்கக் கடலில் எங்கோ காற்றழுத்தம் தாழ்ந்தால் எங்கள் ஜோகுபாளையத்தில் நாள் முழுக்கத் தூறும், துணி காயாது, பஜ்ஜிக் கடையில் கூட்டம் சேரும். மின்கம்பத்தில் ஏறிப் பிழைக்கிற எனக்கும் புயல் அவ்வளவுதான், கடற்கரைக்கு அனுப்பப்படும்வரை.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு பெரும் புயல் கரை கடந்திருந்தது. கம்பங்களை நிறுத்த உள்ளூர் ஆட்கள் போதாமல் இங்கிருந்தும் கூப்பிட்டார்கள். எங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அங்கே நான் முதலில் பார்த்தது தென்னந்தோப்புகளை. காற்று ஒரு பக்கமாகத்தானே அடிக்கும் என்று நினைத்திருந்தேன். பாதி மரங்கள் தெற்கே தலை வைத்துக் கிடந்தன, பாதி வடக்கே. காரணத்தைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். கடல் சூடேறினால் அதன் மேலிருக்கும் ஈரக்காற்று உயர எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் நேராக வர முடியாமல் வட்டமடிக்கிறது. நடுவில் காற்றே இல்லாத ஓர் இடம் உண்டாகிறது. அதைக் கண் என்கிறார்கள். கண் ஊரைக் கடக்கும்போது எல்லாம் ஓய்ந்ததுபோல் இருக்கும். பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும்.

ஒரு சாயங்காலம், நாங்கள் நட்ட கம்பங்களில் முதல்முறையாக மின்சாரம் விட்டோம். தெருவில் கைதட்டினார்கள். விளக்குகள் எரிந்தன. கூடவே, கடைசியிலிருந்த சாத்திய வீட்டுக்குள் கடகடவென்று ஒரு சத்தம் கிளம்பியது. கைதட்டல் நின்றுபோனது.

"ஒளகெ யாரோ இத்தாரெ" என்றான் என் கூட்டாளி. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று கன்னடத்தில் சொன்னான்.

கதவைத் தள்ளினோம். யாருமில்லை. அடுப்படியில் கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. மாவில்லாமல் கல்லோடு கல் உரசிக் கரகரத்தது.

அப்போது ஒருவர் தெருவிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தார். வாசலைத் தாண்டும்போதே, "வந்துட்டியா?" என்றார்.

எங்களைப் பார்த்தார். கிரைண்டரைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சுவிட்சை அணைக்கப் போனேன்.

"இருக்கட்டும் தம்பி. கொஞ்சம் ஓடட்டும்."

ஓடியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார். மனைவி மாவரைத்துக்கொண்டிருந்தபோது மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். சுவிட்சை அணைக்காமலே கிளம்ப, ஊரையே பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள்.

"விடியக்கால காத்து சுத்தமா நின்னுடுச்சு. ஒரு எல அசையல. புள்ளைங்கல்லாம் பசியில கெடக்குதுங்க, மாவும் புளிச்சுடும், எடுத்துக்கிட்டு வந்துடறேன்னா. நானும் சரி, சட்டுனு போயிட்டு வான்னேன்."

"அப்புறம்ண்ணே?"

"மாவுச் சட்டியோட தோப்புகிட்ட வந்திருக்கா. தெக்கேருந்து அடிச்சுது தம்பி. மரம்."

கல் சூடேறிய வாடை வந்தது. மொழி புரியாத என் கூட்டாளி தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கடைசியில் அவரே எழுந்து சுவிட்சை அணைத்தார். கல் உடனே நிற்கவில்லை. அது நிற்கும்வரை அவர் விரலைச் சுவிட்சிலிருந்து எடுக்கவுமில்லை.

வேலை முடிந்து, அவருடைய போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். ஜோகுபாளையத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். எந்த நேரமும் யார் வீட்டிலாவது கிரைண்டர் ஓடும். அது ஓடினால் என்னால் வாசல்படி ஏற முடியவில்லை. உள்ளே போனால் அவர் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றும்.

"இன்னாங்க, ஊட்டுக்குள்ள வராம ரோட்லயே நிக்கிறீங்க?" என்று என் மனைவி கேட்டாள். இரண்டு மூன்று முறை மழுப்பினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த அண்ணனுக்கு ஒரு போன் போடுங்க" என்றாள்.

போட்டேன். மழையைப் பற்றிப் பேசினோம். அதுவே பழகிப்போனது. இங்கே தூறினால் அங்கே எப்படி என்று கேட்பேன்.

சில வருஷங்கள் கழித்து இன்னொரு புயல் அந்தக் கரையை நோக்கி வந்தது. கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் இருப்பதாகச் சொன்னார். பின்னால் குழந்தைகள் சத்தம்.

"கதவுகிட்ட நான்தான் உக்காந்திருக்கேன். காத்து நின்னாலும் ஒருத்தரயும் வெளிய விடமாட்டேன்."

அந்தப் புயல் அங்கே போகவில்லை. வடக்கே திரும்பி வேறெங்கோ கரையேறியது. மறுநாள் மதியம் நிம்மதியாக அவரை அழைத்தேன். இந்த முறை பின்னால் எந்தச் சத்தமும் இல்லை.

"வீட்டுக்கு வந்துட்டீங்களாண்ணே?"

"எல்லாரும் போயிட்டாங்க தம்பி. நான் இங்க கதவுகிட்டதான் இருக்கேன்."

"புயல்தான் திரும்பிடுச்சே. நீங்களும் போங்கண்ணே."

"போறேன்" என்றார். "இன்னும் கொஞ்சம் பாத்துட்டுப் போறேன்."