உம்மா சொன்ன பதில்

கற்பிட்டியில் முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு நான் வழிகாட்டி வந்தேன். பெரும்பாலானோர் கடைசி மாதத்தில்தான் வருவார்கள். ஓர் ஆசிரியை மட்டும் தலைப்பு எடுத்த வாரமே வந்துவிட்டார். மெலிந்த முகம், கறுப்பு அபாயா. பேசுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

தொண்ணூறில் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட குடும்பம் அவருடையது. யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்புவதைப் பற்றிப் பெண்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதே அவருடைய ஆய்வு. பழகிக்கொள்வதற்காக முதலில் வீட்டிலேயே ஒருவரைப் பேட்டி காணச் சொன்னேன். மறுவாரம் வந்தவர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தபடி இருந்தார்.

“உம்மாக்குத் திரும்பிப் போக விருப்பமில்லையாம், சேர். வாப்பா அங்க வீடு கட்டிக்கொண்டிருக்கார். அவருக்கு இது தெரியாது.”

“பெயரை மாத்தி எழுதலாமே, டீச்சர்.”

“முதல்ல வாசிக்கப்போறது வாப்பாதான். உம்மாட கதை எண்டு அவருக்கு விளங்காதா?”

தலைப்பை மாற்றிக்கொண்டு, மாணவர்களின் பாடசாலை இடைவிலகலைப் பற்றி எழுதி அவர் பட்டம் பெற்றார். பிறகொரு நாள் நுரைச்சோலைச் சந்தியில் கண்டபோது பெற்றோரைப் பற்றிக் கேட்டேன்.

“வீடு முடிஞ்சிட்டு, சேர். ரெண்டு பேரும் போயிட்டாங்க.”

“உம்மா ஒண்டும் சொல்லல்லையா?”

“நான் கேட்டதால ஒருக்காச் சொன்னாங்க. வேற ஆரும் கேக்கல்லயே.”

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அந்தக் கேள்வியை அவரைக் கேட்க வைத்தது நல்லதுதானா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.