எதிர்ச்சொல் சொன்ன டீச்சர்

போன வருடம், திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கும் சீசன் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்த சமயம் நடந்தது இது. நான் அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். நடத்துவது சின்ன வகுப்புகளுக்குத்தான். ஆனாலும் மாத்திரை அட்டையில் இருப்பது, செல்போனில் வருவது என்று எங்கள் தெருவின் ஆங்கிலத்துக்கெல்லாம் நான்தான் கோர்ட்டு. 'தெரியாது' என்று சொல்லிப் பழகாத வாய் எனக்கு.

எதிர் வீட்டில் ஒரு இளம் ஜோடி. காரியாபட்டிப் பக்கம் கிராமம். கணவருக்கு இங்கே அச்சு பிரஸ்ஸில் வேலை. தினமும் பஸ்ஸில் அலைந்து அவர் ஓய்ந்துபோகிறார், டவுனுக்கே போய்விடலாம் என்று அந்தப் பெண்தான் ஒற்றைக்காலில் நின்று குடி வந்திருந்தாள். வந்த பிறகு முதல் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. சிவகாசி டாக்டர் ஏதோ பரிசோதனை எடுத்துப் பார்த்துவிட்டு, 'டவுன் சிண்ட்ரோம்' என்றாராம். இதயத்தில் கோளாறு இருக்கிறதா என்று மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுக்கவும் சொல்லியிருக்கிறார்.

பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்த மாமியார் அந்த முதல் வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். மருமகளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க டீச்சர். வேணாம் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். டவுனு டவுனுன்னு வந்தா. இப்பப் பாருங்க, புள்ளைக்கு டவுன் சீக்கு வந்திருச்சு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகளைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பு வேறு.

"அய்யோ, அது அந்த டவுன் இல்லம்மா. டவுன்னா கீழேன்னு அர்த்தம். அறிவு, வளர்ச்சி எல்லாம் கீழேயே இருக்கும். அதான் அந்தப் பேரு" என்றேன்.

சொன்னதோடு விட்டேனா? வகுப்பில் 'அப்', 'டவுன்' நடத்தும்போது செய்வதுபோல, கையை மேலே தூக்கிக் கீழே இறக்கியும் காட்டினேன். அந்தப் பெண் என் கையையே பார்த்தாள். பிறகு மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். அதைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

கொஞ்ச நாள் கழித்து என் மகளுக்குக் காய்ச்சல். அதே டாக்டரிடம்தான் போனேன். எனக்கு வாய் சும்மா இருக்காதே, டவுன் சீக்குக் கதையைச் சொல்லி, "அப்புறம் நான்தான் டவுன்னா கீழேன்னு விளக்கிச் சொன்னேன் சார்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அது ஒரு டாக்டரோட பேருங்க டீச்சர். இதைப் பத்தி மொதல்ல எழுதி வச்சவரு பேரு டவுன். கீழேயும் கிடையாது, மேலேயும் கிடையாது. நானும் பேரை மட்டும் சொல்லிட்டு விட்டது தப்புதான்" என்றவர், "மதுரைக்குப் போனாகளா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக எதிர் வீட்டுக்குப் போனேன். அவர்கள் மதுரைக்குப் போகவில்லை. "கீழேயே இருக்கப் போற புள்ளைக்கு எதுக்கு இம்புட்டு அலைச்சல்னு அத்தை சொல்லிட்டாக டீச்சர்" என்றாள் அந்தப் பெண். என் வார்த்தை, என் காதுக்கே திரும்பி வந்தது. மாமியாரின் தப்பாவது மருமகளோடு நின்றிருக்கும். என் தப்பு பிள்ளையின் உயிர்வரைக்கும் போயிருக்கிறது.

நான் சொன்னது தப்பு, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன் என்று அவள் முன்னால் அழுதுவிட்டேன். அது ஒரு மனிதரின் பெயர்தான் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை.

"நோவுக்கே ஒரு ஆளு பேரு இருக்கு. எம் புள்ளைக்கு இன்னும் பேரே வைக்கல டீச்சர். வச்சு என்னத்துக்குன்னு இருந்துட்டோம்" என்றாள்.

சீசன் நேரம், அவள் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த வாரமே நான் லீவு போட்டுவிட்டு அவளோடு மதுரைக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிறவர், "பாப்பா பேரும்மா?" என்று கேட்டார். நான் தலைகுனிந்துகொண்டேன். அவள் யாரையும் கேட்கவில்லை, யோசிக்கவும் இல்லை. பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அழகான ஒரு பெயரைச் சத்தமாகச் சொன்னாள்.

இதயத்தில் சின்ன ஓட்டை இருந்தது. தொடர்ந்து காட்டி வந்தால் பயப்பட வேண்டாம் என்றார்கள். காட்டி வருகிறார்கள். இப்போது என்னைப் பார்த்தால் அந்தப் பிள்ளை கையை மேலே தூக்கி, தூக்கச் சொல்கிறது.

பிள்ளைகளுக்கு எதிர்ச்சொல் நடத்தும்போது போர்டில் 'அப்' என்று எழுதிவிடுகிறேன். அதற்கு எதிரே எழுதத்தான் இன்றும் என் கை கூசுகிறது.