ஹெந்தளைக் கால்வாயில் எடுத்த மீன்கொத்திப் படம்

ஹெந்தளைக் கால்வாயில் பறவைப் படம் எடுக்க எப்படிப் போவது என்று இந்தப் பக்கத்தில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நான் ஒரேயொரு தடவை போயிருக்கிறேன். என் மகனின் கமராவுக்குள் இருந்த பிலிமை எடுத்துவரப் போனேன். வழியில் பார்த்தது ஒன்றும் மறக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சண்டைக் காலம், தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஐப்பசி மழை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில் நானும் மகன் குகனும் வாடகைக்கு இருந்தோம். அவனுக்குப் புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பறவை பார்க்கப் போய்விடுவான். ஒருநாள் விடியற்காலை ஆமியும் பொலிஸும் செய்த சுற்றிவளைப்பில் எங்கள் ஒழுங்கைப் பெடியன்களோடு அவனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் பின்னேரமே வந்துவிட்டார்கள். அவன் வரவில்லை. அந்தப் பெயரில் யாரும் எங்களிடம் இல்லை என்றார்கள் பொலிஸில். படம் கொண்டுவந்தால் காட்டி விசாரிக்கலாமாம்.

படத்துக்கு எங்கே போக? அடையாள அட்டை அவனோடு போய்விட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த படங்களைப் பெட்டியோடு கொட்டாஞ்சேனையில் என் மச்சாளிடம், என் புருஷனின் தங்கையிடம், கொடுத்து வைத்திருந்தேன். அந்தப் பக்கம் செக்கிங் வருகிறது என்று கேள்விப்பட்டதும், யாழ்ப்பாணத்துப் படம் வீட்டில் இருந்தால் ஆபத்தென்று முழுவதையும் குசினி அடுப்பில் வைத்துக் கொளுத்திவிட்டா. அப்போது பலபேர் அப்படிச் செய்தார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் தன்னுடைய கல்யாண அல்பத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்தா. அதை நான் கண்ணால் பார்த்தேன். அவவின் செத்த வீட்டுக்கும் நான் போகவில்லை.

குகனுடைய கமரா ஹெந்தளையில் இருந்தது. நீட்டு லென்ஸோடு ஒரு தமிழ்ப் பெடியன் ஆமிச் சென்றியைக் கடந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் தன்னைப் படகில் கொண்டுபோகிற அந்தோனியின் வீட்டிலேயே அதை வைத்துவிட்டு வெறுங்கையோடு வருவான். அதற்குள் இருக்கிற பிலிமில் ஒரு படத்திலாவது அவன் முகம் இருக்காதா என்றுதான் போனேன்.

காலி வீதியில் காலை ஆறரைக்கு நூறாம் நம்பர் பஸ். புறக்கோட்டைக்கு எட்டு கிலோமீற்றர் இருக்கும், அப்போது நான்கு ரூபாய். அங்கிருந்து ஹெந்தளை பஸ், ஏறக்குறைய அதே தூரம்தான். களனிப் பாலத்தடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் அட்டையைப் பார்த்த ஆமிக்காரன் என்னை மட்டும் தனியே நிறுத்தி எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். மாதா கோயிலுக்கு என்றேன். நெற்றி நிறையத் திருநீறு. அவன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். ஒன்பது மணிக்கு ஹெந்தளையில் இறங்கி, கால்வாய்க் கரையால் கால் மணி நேரம் நடந்தேன். மழைக்குப் பாதை வழுக்கும், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தோனி படகில் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நான் குகனின் தாய் என்றதும் கரைக்கு வந்தார். தம்பி மூன்று ஞாயிறாக வரவில்லை, காய்ச்சலாக்கும் என்று நினைத்தாராம். நடந்ததைச் சொன்னேன். உள்ளே போய், அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருந்த கமராவைத் தூக்கி வந்தார். ஈரம் பிடிக்காமலிருக்க அப்படி வைக்கச் சொன்னது குகன்தானாம்.

"இதுக்குள்ள அவன்ர முகம் விழுந்த படம் ஒண்டும் இல்லையோ தம்பி?"

"ஒண்டு இருக்கு அக்கா. நான்தான் பட்டனை அமத்தினது. கல்யாணம் பேச அம்மா படம் கேட்டு உயிரை எடுக்கிறா, ஒண்டு எடுத்து விடுங்க எண்டு தம்பி கமராவைத் தந்துது. பின்னால கட்டையில மீன்கொத்தி இருந்துது. அதும் விழட்டும், பொம்பிள வீட்டுக்காரர் பறவையைப் பார்த்தெண்டாலும் ஓம் எண்டு சொல்லட்டும் எண்டு சிரிச்சுது."

அந்த வருடத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

கமராவைக் கொண்டுவர முடியாது. பிலிமை மட்டும் கழற்றி, கருவாட்டுப் பொதிக்குள் வைத்துக் கட்டித் தந்தார். திரும்பும்போது பாலத்தடியில் அந்த மணத்துக்கு ஒருவரும் பொதியை அவிழ்க்கவில்லை. நேரே மருதானையில் ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்துவிட்டு, மறுநாள் பத்து மணிக்குப் போய் நின்றேன்.

ஸ்ரூடியோக்காரர் தமிழ் கதைக்கிற முஸ்லிம் மனிதர். படம் எடுத்த கையைப் புகழ்ந்தார். கொக்கு, நீர்க்காகம், தாமரை இலையில் நடக்கிற ஏதோ குருவி. மீன்கொத்தியை மட்டும் தானாகவே பெரிதாக்கி வைத்திருந்தார்.

"இதுல யாரோ குறுக்க தலையைப் போட்டிருக்காங்கம்மா. கெட்டுப்போன பக்கத்த வெட்டி, பறவைய மட்டும் எடுத்துத் தந்திருக்கேன். அதுக்கு சல்லி வேணாம்."

"வெட்டின பக்கத்தில இருக்கிறதுதான் என்ர பிள்ளை."

அவர் நெகட்டிவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முழுப் படத்தையும் திரும்ப அடித்துத் தந்தார். ஏன் முகம் மங்கலாக இருக்கிறது என்றும் விளங்கப்படுத்தினார். குகன் லென்ஸைப் பறவையின் தூரத்துக்குத் திருப்பி வைத்திருக்கிறான். அப்படியே கையில் கொடுத்துவிட்டு முன்னால் போய் இருந்துவிட்டான். அந்தோனிக்கு அமத்த மட்டும்தான் தெரியும்.

பொலிஸில் மேசைக்கு மேல் வைத்தேன். இருந்தவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மே, இது குருல்லாட படம்தானே" என்று அரைத் தமிழில் சொன்னார். குருல்லா என்றால் பறவை. முன்னால் மங்கலாக இருக்கிறவன்தான் என் பிள்ளை என்றேன். இது யாராகவும் இருக்கலாம் என்று திருப்பித் தந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. அதன் பிறகு ஏறாத படியில்லை. எல்லா இடத்திலும் அதே பதில்.

படம் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. மீன்கொத்தியின் மார்பில் ஒவ்வொரு இறகாக எண்ணலாம், கண்ணுக்குள் வெளிச்சப் பொட்டுக்கூடத் தெரிகிறது. குகனுக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக இரண்டு. சிரித்தான் என்று அந்தோனி சொன்னதை நம்பித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: இப்போது பாலத்தடியில் சென்றி இல்லை. விடிந்ததும் கால்வாய்க் கரையில் நில்லுங்கள், வெயில் ஏறினால் பறவைகள் உள்ளே போய்விடும் என்று அந்தோனி சொன்னார். படகுக்கூலியை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். யாரிடமாவது கமராவைக் கொடுத்து உங்களை எடுக்கச் சொன்னால், லென்ஸை உங்கள் முகத்தின் தூரத்துக்குத் திருப்பிவிட்டுக் கொடுங்கள். இப்போதுள்ள கமரா தானாகவே முகத்தைப் பிடிக்கும் என்கிறார்கள். என்றாலும் கமராவைத் திரும்ப வாங்கி, படத்தை ஒருதரம் பாருங்கள். பறவை மங்கினால் மங்கட்டும்.