தேரை ஏறிய பெட்டி

தீவில் தவளை இருக்கிறது என்றால் அது துப்புத் துலக்க வேண்டிய ஒரு வழக்கு. தவளைக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. தோலாலேயே தண்ணீர் குடிக்கிற பிராணி, கடலில் விழுந்தால் வாடிச் செத்துப்போகும். பிறகு எப்படி நடுக்கடல் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது? தவளையைக் கேட்டால் சொல்லாது, பாறையைத்தான் கேட்க வேண்டும். நான் நிலவியல் படித்தது இந்த ஒரு கேள்விக்காக.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வருடத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற ஊதாத் தவளை ஒன்று உண்டு. அதன் நெருங்கிய சொந்தம் மலையில் இல்லை, கடல் தாண்டி சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறது. அந்தத் தீவுகளின் கருங்கல், ஒரு காலத்தில் நம்மோடு ஒட்டியிருந்த நிலத்தின் துண்டு. ஆக, தவளை எங்கும் பயணம் போகவில்லை. அதன் காலடியிலேயே நிலம் பிரிந்து போயிற்று. எரிமலை கக்கி எழுந்த தீவு என்றால் கதை வேறு. அது எந்த நிலத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. அங்கே தவளை இருந்தால் வெள்ளம் அடித்துப் போன மரத்தில் தொற்றி வந்திருக்க வேண்டும், இல்லை மனிதன் கொண்டுபோயிருக்க வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு நான் பார்க்கிற வேலை, ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில், கப்பலேறும் பெட்டிகளைச் சரிபார்ப்பது. ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கவில்லை, வீட்டில் கல்யாணப் பேச்சும் நிற்கவில்லை. இந்தப் பக்கம் எதைப் படித்தவரையும் ஏதாவது ஒரு லைனில் நிறுத்திவிடுவார்கள்.

போன வருடம் கோடை தொடங்கும்போது, எங்கள் பெட்டி போய் இறங்கிய ஒரு எரிமலைத் தீவிலிருந்து புகார் வந்தது. கூடவே போட்டோ. பெட்டிக்கு அடியில் வைக்கும் மரப் பேலட்டுக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் நடுவே ஒரு தேரை, உயிரோடு உட்கார்ந்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. வாழ்நாளெல்லாம் யோசித்த விஷயம் கண்ணெதிரே நடந்திருக்கிறதே! அடுத்த வரியைப் படித்ததும் சந்தோஷம் போய்விட்டது. அந்தப் பெட்டியை பேக் செய்தவர் யார் என்று கேட்டிருந்தார்கள்.

பேக் செய்தவர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், காண்ட்ராக்ட் தொழிலாளி. சுங்குவார்சத்திரத்தில் நண்பர்களோடு ஒரே ரூமில் நெருக்கியடித்துக் கிடந்தவர், அந்த மாதம்தான் தனி வீடு பிடித்து மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டி வந்திருந்தார். காண்ட்ராக்ட் ஆளை நிறுத்த இங்கே கடிதமெல்லாம் கிடையாது. காலையில் கேட்டில் கார்டு பஞ்ச் ஆகாது, அவ்வளவுதான்.

“யக்கா, இப்பதான் பிள்ளையக் கூட்டியாந்திருக்கேன். நிப்பாட்டிருவாங்களா?” என்று கேட்டார்.

“ஒண்ணும் ஆகாது, போய் வேலையப் பாருங்க” என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ.

“கல்லுக்குள்ள இருக்க தேரைக்கும் படியளக்கான்னு சொல்லுவாவ. அந்தத் தேரையே வந்து நம்ம சோத்துல கைய வைக்கி பாத்தீயளா” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

எங்கள் கம்பெனியில் எந்தப் புகார் வந்தாலும் வெள்ளைப் பலகையில் ஐந்து முறை ‘ஏன்’ கேட்டு எழுத வேண்டும். கடைசி ஏனுக்கு வரும் பதில்தான் மூலகாரணம். அதைச் சரிசெய்து போட்டோ அனுப்பினால் புகாரை மூடிவிடலாம். நடப்பது என்னவோ, இரண்டாவது ஏனிலேயே ஒரு ஆளின் பெயர் வந்துவிடும். அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் வராது. மேனேஜர் அன்றும் அப்படித்தான் எழுதினார். ஏன் தேரை இருந்தது? பேக்கிங் ஆள் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? கவனக்குறைவு.

“பேரப் போட்டு முடிச்சிடும்மா” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அவருக்கென்ன எக்ஸ்ரே கண்ணா சார்?” என்று கேட்டுவிட்டு எல்லாவற்றையும் அழித்தேன். தேரை ஏற்கெனவே பேலட்டின் இடுக்கில் இருந்தது. ஏன்? பேலட்டை வெளியே, காம்பவுண்டுக்குள் இருக்கிற குட்டை ஓரம் அடுக்குகிறோம். ஏன்? ஸ்டோரில் இடம் இல்லை. குட்டை ஓரம் தேரை ஏன்? இதற்கு எங்கள் கேட் செக்யூரிட்டி முன்பே பதில் சொல்லியிருந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். “இது தாங்கல் மேடம், சின்ன ஏரி. எங்க சித்தப்பா இங்க நாத்து நட்டுகினு இருந்தாரு. கட்டடந்தான் புச்சு, தவள பழசு.” அதையே எழுதினேன்: இது ஏரி, தேரை இங்கேயே இருந்தது, நாம்தான் வந்தோம்.

மேனேஜர் முகம் மலர்ந்தது. “இன்னாம்மா, இத மொதல்லயே சொல்லக்கூடாதா? ரூட் காஸ் கெடச்சிடுச்சி. குட்டைய மூடிடலாம்.”

நான் கேட்க நினைத்தது பேலட்டுக்கு ஒரு ஷெட். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே என் வாயால் கெட்டது. மறுத்துப் பேசினால் பலகைக்குப் பேக்கிங் ஆளின் பெயர் திரும்பி வந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

கோடையில் தேரைகள் ஈர மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். ஜேசிபி வந்தபோது ஒன்றுகூட வெளியே தெரியவில்லை, அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கு உறுத்தியது. பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டிய மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அதில் சாம்பல் நிறக் களிக்கல் துண்டுகள் கிடந்தன. பிளந்தால் உள்ளே இலை பதிந்திருக்கும், நம் நிலம் தெற்குக் கண்டத்திலிருந்து பிரிந்துகொண்டிருந்த காலத்து இலை. தவளைகள் அதற்கு முன்பே இருந்தன. நிலம் உடைந்ததையெல்லாம் தாங்கி வந்த குலத்தின் மேல் அந்தக் கல்லையே கொட்டி மூடினோம். மேலே ஜல்லி பரப்பி, போட்டோ அனுப்பினோம். தீவுக்காரர்கள் நன்றி சொல்லிப் புகாரை மூடினார்கள். வேலை தப்பிய சங்கரன்கோவில்காரர் எனக்கு இனிப்பு வாங்கி வந்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மிச்சமிருந்த தேரைகளும் வேலிக்கு அப்பாலிருந்த தேரைகளும் முட்டையிட வழக்கமான இடத்துக்கே வந்தன. அங்கே ஜல்லி இருந்தது. குட்டையில் நிற்க வேண்டிய தண்ணீர் வழிந்து பேக்கிங் வாசலில் நின்றது. தேரைகளும் அங்கேயே வந்து சேர்ந்தன. அவர் முறத்தால் அள்ளி அள்ளி வெளியே விட்டார். நானும் பெட்டி பெட்டியாகக் குனிந்து பார்த்தேன். ஒன்றைத் தவறவிட்டிருக்கிறோம்.

இரண்டாவது புகார் வந்த மறுநாள் காலை அவர் கார்டு பஞ்ச் ஆகவில்லை. மேனேஜரிடம் ஓடினேன். பலகை எழுதலாம் என்றேன்.

“எதுக்கும்மா? குட்டைய மூடியாச்சி, போட்டோவும் அனுப்பியாச்சி. காரணத்த சரி பண்ண அப்புறமும் வந்தா அது ஆளோட தப்புதான்.”

கேட்டுக்கு வெளியே அவர் டிபன் பையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

“யக்கா, குட்டையத்தான் மூடியாச்சுல்லா, பெறவு தேரை எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்காவ. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க படிச்சவிய, ஒங்களுக்குத் தெரியுமா?”

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தெரியாது என்றேன்.