கரைவலைப் பாடும் ஒரு கையெழுத்தும்

போராளிகளின் வைத்தியசாலையில் அந்தப் புது நடைமுறை வந்தபோது ஊரோடு சேர்ந்து நானும் திட்டினேன். முன்பெல்லாம் வருத்தம் வந்தால் நேரே போய் டொக்டர் முன்னால் நிற்கலாம். மனைவியின் தம்பி போராளி என்பதால் எங்களுக்கு அங்கே கொஞ்சம் மரியாதையும் இருந்தது. காயக்காரர் கூடி, மருந்துக்கும் தட்டுப்பாடு வந்த பிறகு, ஒவ்வொரு குடும்பமும் ஒரு மருத்துவ நிலையத்தில் பதியவேண்டும், அங்குள்ள மருத்துவப் போராளி துண்டு எழுதித் தந்தால்தான் டொக்டரைப் பார்க்கலாம் என்றார்கள். இப்போது யோசித்தால் அதில் பிழை ஒன்றும் இல்லை. பிழை முழுவதும் என் மண்டைக்குள் இருந்தது.

நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுத்தவர்கள். ஆமி வந்திருந்ததால் ஊரைவிட்டுக் கிளம்பி, சனமெல்லாம் முள்ளியவளைப் பக்கம் இருக்க, நான் மட்டும் கடலேரியில் இறால் பிடிக்கலாமென்று மனைவியோடு ஜெயபுரத்துக்கு வந்தேன். கரையில் ஒரு குடும்பம் வலை வளைக்கும் இடத்தைப் பாடு என்போம். பதிவை வேறிடத்துக்கு மாற்றியவனுக்கு ஊர் திரும்பும்போது பாடு இல்லை என்று எங்கள் சனத்திடம் ஒரு கதை உலாவியது. யார் கிளப்பியது என்று இன்றுவரை தெரியாது. நான் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

மனைவிக்கு எட்டு மாதம். கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. ஜெயபுரத்து நிலையத்தில் இருந்த மருத்துவப் போராளிப் பிள்ளை பிரஷர் பார்த்தாள். திரும்பவும் ஒருக்கால் பார்த்தாள்.

“அண்ணை, அக்காவை நாளைக்கே டொக்டர் பார்க்கவேணும். உங்கட பதிவு முள்ளியவளையில கிடக்கு. இதில ஒரு கையெழுத்து வையுங்கோ, இஞ்ச மாத்திப்போட்டு இப்பவே துண்டு தாறன்.”

“வேண்டாம் பிள்ளை. எங்கட இடத்திலயே வாங்கிக்கொண்டு வாறன்.”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “தலையிடி கூடினால், வலிப்பு வந்தால் துண்டு ஒண்டும் பார்க்காதேங்கோ. நேரே கொண்டு போங்கோ” என்று மனைவியிடம்தான் சொன்னாள்.

பக்கத்துக் காணியில் தோட்டம் செய்த மலையகத்து அக்காவும் சொல்லிப் பார்த்தா. “கையெழுத்தப் போட்டுட்டுப் பேசாம இருங்கண்ணே. புள்ளத்தாச்சிய விட்டுட்டு எங்க போறீங்க?” கடலைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று அவவின் வாயை அடைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். கெடுகுடி சொற்கேளாது என்பார்கள். அது வேறு யாரோ குடி என்று நினைத்திருந்தேன்.

பரந்தனில் டயர் வெடித்தது. டயருக்குள் வைக்கோலை அடைத்துக்கொண்டு மிதித்து, அடுத்த நாள் மத்தியானம்தான் முள்ளியவளைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்த மருத்துவப் போராளி எங்கள் ஊர்ப் பெடியன். துண்டை எழுதிக்கொண்டே, “ஏன் அண்ணை, அங்கேயே மாத்தியிருக்கலாமே?” என்றான். பாடு பறிபோகும் என்ற கதையைச் சொன்னேன். அவன் பேனையை வைத்துவிட்டான்.

“வலைப்பாட்டுக்கும் இதுக்கும் என்ன அண்ணை? இது வருத்தக்காரரின்ர பதிவு.”

திரும்பும் வழியெல்லாம் மாதாவைக் கூப்பிட்டேன். துண்டு சட்டைப் பையில் வேர்வையில் நனைந்தது. மிதிக்க மிதிக்கத் தெரு நீண்டது. வீட்டில் யாரும் இல்லை. வலிப்பு வந்து, மலையகத்து அக்கா உழவு மெசினில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போய்விட்டா என்று அவவின் புருஷன் சொன்னார். அங்கே யாரும் துண்டு கேட்கவில்லையாம். வாசலில் வைத்தே தூக்கிக்கொண்டு ஓடினார்களாம்.

நான் போனபோது பிள்ளையை எடுத்து முடிந்திருந்தது. பொம்பிளைப் பிள்ளை. மூச்சில்லை. சேலைத் துண்டில் சுற்றி என் கையில் தந்தார்கள். ஞானஸ்நானமும் இல்லாமல் புதைத்தேன். என்னைப்போல ஒரு பாவி இந்த வன்னியில் இருந்திருக்கமாட்டான்.

மூன்றாம் நாள் மனைவிக்கு அறிவு வந்தது. எல்லாவற்றையும் அக்கா சொல்லியிருந்தா. திட்டட்டும், செருப்பால் அடிக்கட்டும் என்று கட்டிலடியில் நின்றேன். அவள் அழவில்லை.

“இஞ்சாருங்கோ, பாடு பத்திரமா இருக்கோ?” என்றாள்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.