பன்றி வரும் நிலம்

குப்பத்துக்குத் தெற்கே, காட்டை ஒட்டி சுந்தரம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. அவளும் புருஷன் கிருஷ்ணப்பாவும் கல் குவாரியில் பாடுபட்டு வாங்கியது. இரண்டு பேர் வம்சத்திலும் சொந்தமென்று சொல்லிக்கொண்ட முதல் மண் அதுதான். குவாரித் தூசு கிருஷ்ணப்பாவின் நெஞ்சைப் பிடித்துக்கொண்ட பிறகு உழவும் காவலும் அவள் தலையில் விழுந்தன. வேர்க்கடலை பால் பிடிக்கும்போது பன்றிகள் இறங்கிவிடும். தகரம் தட்டித் தட்டி அவள் கை ஓய்ந்துபோயிற்று. விற்றுவிடலாம் என்று கிருஷ்ணப்பா சொன்னபோது அவள் மறுக்கவில்லை.

நிலத் தரகர் பச்சையப்பன் பெங்களூரிலிருந்து யஸ்வந்த் என்பவனைக் கூட்டிவந்தார். சுற்றிலும் இருந்த நிலங்களைப் பேசி முடித்தாயிற்று, இவளுடையதுதான் பாக்கி. பன்றித் தொல்லை உண்டா என்று வந்தவன் கேட்டான். உண்டென்றால் விலை இறங்கிவிடுமே என்று பயந்து, ஒன்றுகூட வராது என்றாள். அவன் முகம் தொங்கிப்போய் வண்டிப் பக்கம் திரும்பினான். பச்சையப்பன் அவளை ஓரமாக இழுத்து, "உள்ளத சொல்லும்மா. பன்னிக்காவத்தான் வாங்க வந்துகிறாரு" என்றார்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. சுற்றி வேலி போட்டு, பரண் கட்டி, லீவு நாளில் சிநேகிதர்களோடு வந்து சுடுவானாம். பொழுதுபோக்காம். சட்டத்தையெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். பன்றிக்குக் கரண்டுக் கம்பி கட்டிய குற்றத்துக்கு அவள் கொழுந்தன் கோர்ட்டுக்கு அலைந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

"பொழுது சாஞ்சா எங்க பொம்பளைங்க இந்த வழியாத்தான் வெறவு எடுத்துக்கினு வருவாங்க. புதர் அசைஞ்சா பன்னியா ஆளான்னு உனக்கு எப்பிடிப்பா தெரியும்?"

வேலி போட்டபின் இந்த வழியில் யாரும் வரமுடியாது என்றான் அவன்.

"வேற வழி இல்லியே" என்றாள். நிலம் கொடுப்பதற்கில்லை என்றும் சொல்லிவிட்டாள்.

அந்தத் துண்டு இல்லாமல் மற்றது எதற்கென்று அவன் போய்விட்டான். வந்த வாய்ப்பைக் கெடுத்தாள் என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். விறகுக்குப் போகிற பெண்களும் அவர்கள் வீட்டுப் பெண்கள்தான். அவர்களும் பேசவில்லை. விற்கச் சொன்ன கிருஷ்ணப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, வுடு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வருஷமும் கடலைதான் போட்டாள். பாதியைப் பன்றி கிளறிப் போட்டது. மீதியைப் பிடுங்கக் கூலிக்குக் கூப்பிட்டும் ஒருத்தரும் வரவில்லை. அவள் பிடுங்கிப் போடப் போட, கிருஷ்ணப்பா வரப்பில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க, செடியிலிருந்து காயை ஆய்ந்துகொண்டிருந்தார்.