ஒன்பது முன்னுரைகள்

அந்த நோட்டுப் புத்தகத்தின் அட்டை நீல நிறம். முதற்பக்கத்தில் என் கையெழுத்தில் “முன்னுரைகள்” என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல்: இயற்கை, விஞ்ஞானம், ஒற்றுமை, முதுமை என்று போகும். சென்ற வாரம் பழைய நாட்குறிப்புகளை ஆண்டுவாரியாக அடுக்கியபோது அவற்றின் நடுவிலிருந்து அகப்பட்டது. எட்டாம் பக்கத்தில் ஒரு தேநீர்க் கறை. அக்கா கோப்பையை வைத்த இடம்.

அக்கா என் கூடப்பிறந்தவர் அல்ல. டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் இரண்டாம் மாடியில் நாங்கள் இருவரும் பராமரிப்பு வேலை செய்தோம். அவர் மன்னார்க்காரி, நான் யாழ்ப்பாணம். வயதில் என்னைவிட ஆறு வருடம் மூத்தவர். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. தாதியர் கல்லூரியில் செப்டெம்பரில் இடம் தருவதாகக் கடிதம் வந்திருந்தது, ஒரு நிபந்தனையோடு: அதற்கு முன் டேனிஷ் மொழி எழுத்துத் தேர்வில் சித்தியடைய வேண்டும். அதற்காகப் பெரியவர்களுக்கான பாடசாலையில் வாரம் இரண்டு பிற்பகல் வகுப்புக்குப் போனேன். அக்காவுக்கு எந்தக் கல்லூரிக்கும் போகும் எண்ணம் இல்லை. “நீ தனியப் போனா வகுப்பிலை நித்திரை கொள்ளுவாய்” என்று சொல்லித் தானும் பெயர் பதிந்தார்.

சனிக்கிழமைகளில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து படித்தோம். எங்களுக்குத் தெரிந்த படிப்பு முறை ஒன்றுதான். ஊரில் ரியூஷன் கொட்டிலில் ஆசிரியர் கரும்பலகையில் முன்னுரை எழுதுவார். நாங்கள் நாற்பது பேரும் அதைப் பார்த்து எழுதி, பாடமாக்கி, சோதனையில் நாற்பது பேரும் அதையே எழுதுவோம். பாடமாக்காதவள்தான் சோம்பேறி. அக்கா தன் பாடசாலையில் கட்டுரைப் போட்டியில் முதற்பரிசு வாங்கியவர். முப்பது வருடத்துக்குப் பிறகும் அந்த முன்னுரையை மூச்சு விடாமல் சொல்வார்.

“திருத்துறவர் முதற் பந்தியிலையே மயங்கோணும். பிறகு நீ என்ன எழுதினாலும் அந்த மயக்கத்திலை புள்ளி போட்டுக்கொண்டு போவார்” என்பார்.

எனவே அக்கா தமிழில் சொல்ல, நான் அகராதியை வைத்து டேனிஷில் ஆக்கினேன். எந்தத் தலைப்பு வந்தாலும் பொருந்தும்படி ஒன்பது முன்னுரைகள். நான்காவது, முதுமை பற்றியது, இப்படித் தொடங்கும்: “மனிதன் குகையிலிருந்து வெளியே வந்த நாள் முதல் விண்வெளியை அளக்கும் இந்நாள் வரை, கூடி வாழ்தலே அவனுடைய அணிகலனாக விளங்குகிறது.” பதினொரு வரி. அதை முடிக்க எங்களுக்கு இரண்டு சனிக்கிழமைகள் பிடித்தன.

பதின்மூன்று வயது மகள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துகொண்டே அதை எட்டிப் பார்த்தாள். இப்படி ஒருவரும் எழுதுவதில்லை, அம்மா, என்று டேனிஷில் சொல்லிவிட்டுப் பாலை எடுத்துக்கொண்டு போனாள்.

“இவளுக்கென்ன தெரியும்?” என்றார் அக்கா. “கலியாண வீட்டுக்குச் சீலை உடுக்காமல் போவினமோ? கட்டுரைக்கும் ஒரு உடுப்பு இருக்கு.”

நாங்கள் ஒன்பதையும் பாடமாக்கினோம். பேருந்தில் நான் ஒரு வரி சொல்ல, அவர் அடுத்த வரி சொல்வார். யார் எதை எழுதுவது என்று நாங்கள் பிரித்துக்கொள்ளவில்லை. அட்டவணை போடாமல் மரக்கறிகூட வாங்காத எனக்கு, அது தோன்றவே இல்லை.

மார்ச் மாதம் வீட்டில் எழுதிக் கொடுக்க ஒரு கட்டுரை தந்தார்கள். தலைப்பு, முதுமையில் தனிமை. நான் நான்காவதை எழுதினேன். அக்காவும் நான்காவதை எழுதினார்.

அடுத்த வகுப்பு முடிந்ததும் ஆசிரியை எங்களை நிற்கச் சொன்னார். முப்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்தவர், சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றி எப்போதும் மேசையிலேயே வைத்திருப்பார். இரண்டு கட்டுரைகளையும் அருகருகே வைத்தார். முதற் பந்தியில் பதினொரு வரியிலும் ஒரு சொல் வித்தியாசம் இல்லை. யார் யாரைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டார்.

அக்கா நிமிர்ந்து நின்று தன்னுடைய டேனிஷில் பதில் சொன்னார். ஒருவரும் பார்த்து எழுதவில்லை, இருவரும் பாடமாக்கியிருக்கிறோம், இதைப் போல இன்னும் எட்டு இருக்கின்றன. சொன்னதோடு விடாமல் என் பக்கம் திரும்பித் தமிழில், “எடடி புத்தகத்தை. காட்டு. நாங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டனாங்கள் எண்டு பாக்கட்டும்” என்றார்.

நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எங்கள் உழைப்பைப் பார்த்தால் அவருடைய முகம் மாறும் என்று நானும் நம்பினேன். மாறத்தான் செய்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டப் புரட்ட அவருடைய உதடு இறுகிக்கொண்டே போனது. மூடிவைத்துவிட்டு மெதுவாக விளக்கினார். இன்னொருவருடைய வாக்கியங்களைத் தன்னுடையதாகக் கொடுப்பது இங்கே ஏமாற்று. இருவர் சேர்ந்து எழுதியதை இருவரும் தனித்தனியே கொடுப்பதும் ஏமாற்றுத்தான். பாடசாலை அதிபரிடம் சொல்ல வேண்டிவரும். அப்படிச் சொன்னால் இந்த வருடம் நாங்கள் தேர்வு எழுத முடியாது.

எனக்குக் கேட்டது செப்டெம்பர் என்ற சொல் மட்டும்தான். அதை அவர் சொல்லக்கூட இல்லை.

“ஏனடி பேசாமல் இருக்கிறாய்? கல்லூரியைப் பற்றிச் சொல்லு” என்று அக்கா என் முழங்கையில் இடித்தார். நான் சொன்னேன். வினைச்சொற்கள் எல்லாம் தலைகீழாக வந்தன. ஆசிரியை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு இரண்டு வெள்ளைத் தாள்களை எடுத்தார். இரண்டு அறைகள், அரை மணி நேரம், அதே தலைப்பு, முதற் பந்தி மட்டும். நோட்டுப் புத்தகம் தன் மேசையில் இருக்கட்டும் என்றார்.

எனக்குக் கிடைத்த அறையில் கதிரைகளை மேசைகளின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒன்றை இறக்கி உட்கார்ந்தேன். சுவர் மணிக்கூடு மூன்று பத்து. பேனையைத் தாளில் வைத்ததும் குகையிலிருந்து மனிதன் வெளியே வந்தான். வெட்டினேன். விஞ்ஞானம் வந்தது. வெட்டினேன். மூன்று இருபத்தைந்துக்கு என் தாளில் வெட்டிய கோடுகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

குகையைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று முதல் தடவையாக யோசித்தேன். முதுமை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டாம் மாடி. அந்த நீண்ட நடையில் கடைசி அறையில் இருந்த வயதான அம்மா ஒருவர் நினைவுக்கு வந்தார். நான் எழுதியது ஐந்து வாக்கியங்கள்:

“காலை பத்து மணிக்கு நான் அவருடைய அறைக்கு இரண்டு கோப்பைகளில் கோப்பி கொண்டுபோகிறேன். ஒன்று அவருக்கு. மற்றது ஜன்னலருகே உள்ள வெறும் கதிரைக்கு முன்னால் வைக்க வேண்டும். அவருடைய கணவர் இறந்து பல வருடங்கள். பத்தே முக்காலுக்கு அது ஆறிப்போய், யாரோ அதைக் கழுவு தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள்.”

மூன்று நாற்பதுக்கு ஆசிரியை எங்கள் தாள்களை வாங்கினார். முதலில் என்னுடையதைச் சத்தமாக வாசித்தார். அக்கா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் காரணம் அடுத்த தாளை வாசிக்கத் தொடங்கியதும் விளங்கியது. அக்காவும் அதே அம்மாவைத்தான் எழுதியிருந்தார்.

ஆசிரியை பாதியில் நிறுத்தினார். இரண்டு அறைகளுக்கும் நடுவே சுவர் இருந்தது என்று நான் எப்படிச் சொல்வேன்? அவர் தொடர்ந்து வாசித்தார்:

“இறந்துபோன ஒருவருடைய கோப்பியை நான் தினமும் குடிக்கிறேன். அதை ஊற்ற வேண்டும் என்பது விதி. நான் ஊற்றுவதில்லை. அவருடைய கதிரையில் இருந்து குடிக்கிறேன். அப்போது அந்த அம்மா என்னோடு காற்றைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைக்கிறார். கோப்பை வெறுமையானதும் கதையை நிறுத்திவிடுகிறார். அதனால் நான் மெதுவாகக் குடிக்கிறேன்.”

எழுத்துப் பிழைகள் நிறைய. ஆசிரியை அவற்றைத் திருத்தாமலே வாசித்தார். பிறகு இரண்டு தாள்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ஒருவர் ‘ஊற்றிவிடுகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள், மற்றவர் ‘குடிக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள், பார்த்து எழுதியிருந்தால் இது நடந்திருக்காது என்றார். உதடு தளர்ந்தது. இல்லத்துப் பொறுப்பாளருக்கு இது தெரியுமா என்று அக்காவிடம் கேட்டார்.

நீங்கள்தான் முதல் ஆள் என்றார் அக்கா.

அதிபரிடம் எதுவும் போகவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தந்த ஆசிரியை, இந்தப் பந்திகளிலிருந்தே கட்டுரைகளைப் புதிதாக எழுதி வெள்ளிக்கிழமை கொடுக்கச் சொன்னார்.

பேருந்து நிறுத்தத்தில் காற்று பலமாக இருந்தது. எனக்கு நிம்மதியும் இருந்தது, கோபமும் இருந்தது.

“மூண்டு வருசமா நான்தான் அந்தக் கோப்பியைக் கொண்டுபோறன். ஒருநாளாவது சொன்னீங்களோ?”

“உனக்குப் பத்து அஞ்சுக்கு அடுத்த அறையிலை நிக்கோணும். உன்ரை காலடிச் சத்தம் கேட்டு நான் கோப்பையைத் திரைச்சீலைக்குப் பின்னாலை ஒளிச்ச நாளும் இருக்கு.”

“என்னட்டை ஏன் ஒளிச்சனீங்கள்?”

“நீ நேரம் போட்டு எழுதிவைப்பாய் எண்டு பயம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்னது உண்மை. என்னுடைய அந்த மூன்று வருட நாட்குறிப்புகளிலும் அந்த அம்மாவின் இரத்த அழுத்தம் இருக்கிறது, கோப்பி கொண்டுபோன நேரம் இருக்கிறது. அவர் மழையைப் பற்றி என்ன சொன்னார் என்பது ஓரிடத்திலும் இல்லை.

ஜூனில் தேர்வு எழுதினோம். முடிவு வந்த அன்று அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

“எனக்குப் பத்து. உனக்கு?”

“ஏழு.”

“நேரத்தையெல்லாம் குறைச்சு எழுதச் சொன்னனான் எல்லே? சரி, ஏழு காணுமோ கல்லூரிக்காரருக்கு?”

“ஓம் அக்கா, காணும். இடம் கிடைச்சிட்டுது.”

அவர் வீட்டுக்குள் யாருக்கோ உரக்கச் சொன்னார். ஒரு ஆணின் குரல் வாழ்த்தியது. அக்கா சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு அந்தப் பக்கத்தில் பாத்திரங்களின் சத்தம் கேட்டது.

“அப்ப செப்டெம்பரிலையிருந்து நீ மாடியிலை இல்லை” என்றார்.

“ஓம்” என்றேன்.

இருவரும் தொலைபேசியை வைக்கவில்லை.